லீஸ் கரைகிறது: இப்போதே நீட்டிப்பதா, பேசி முடிப்பதா, சேர்ந்து வாங்குவதா, காத்திருப்பதா?

சென்னையில் "லீஸுக்கு வீடு" என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, கிளம்பும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. லண்டனில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. இங்கே ஃப்ளாட்டை "வாங்கினேன்" என்று சொல்லும் பலரும் உண்மையில் வாங்கியிருப்பது 99 அல்லது 125 வருட உரிமையை. நிலத்தில் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) மாதிரி எதுவும் கிடையாது. நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் நிரந்தர உரிமையாளருடையவை. வருடம் குறையக் குறைய நம் கையில் இருப்பதன் மதிப்பும் குறைகிறது. லீஸ் முடிந்தால் வீடு அவருக்கே போய்ச் சேரும்.

ஹாரோவில் இருக்கும் என் சித்தி மகன் 2015-இல் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்று வாங்கினான். "86 வருஷம் இருக்கு, கவலையே வேண்டாம்" என்று எஸ்டேட் ஏஜென்ட் சொன்னாராம். அப்போது யாரும் கணக்குப் போடவில்லை. போன மாதம் ஒரு கடிதத்தோடு வந்தான். ஃப்ரீஹோல்டர் அனுப்பியது: 16,500 பவுண்டு கொடுத்தால் லீஸை 125 வருடமாக்கித் தருகிறோம், கிரவுண்ட் ரென்ட் (ஃப்ரீஹோல்டருக்கு வருடாவருடம் கட்டும் நில வாடகை) இப்போதுள்ள 200 பவுண்டே தொடரும், 28 நாளுக்குள் பதில் சொல்லவும். "கையெழுத்துப் போட்டுடலாமா அண்ணா?" என்றான்.

முதலில் லீஸ் பத்திரத்தை எடுக்கச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: 25 மார்ச் 2002-இலிருந்து 99 வருடம். (இங்கே லீஸ்கள் மார்ச் 25, ஜூன் 24 போன்ற தேதிகளில் தொடங்குவதற்குக் காரணம், அவை பழைய ஆங்கிலேய வாடகைக் கால் வருட நாட்கள்.) அதாவது 2101-இல் முடிகிறது. கையில் இருப்பது 75 வருடம். அவன் 80 என்ற கோட்டைத் தாண்டியே ஐந்து வருடம் ஆகியிருந்தது.

ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் இதே நிலையில் நம்மவர் பலர் இருக்கிறார்கள் என்பதால் அவனோடு உட்கார்ந்து பார்த்ததை விரிவாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் இந்த முறை இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

மீதி வருடம். எல்லாவற்றுக்கும் முதலில் இது. லீஸில் 80 வருடத்துக்கு மேல் இருந்தால் ஃப்ரீஹோல்டருக்கு நீங்கள் ஈடு செய்ய வேண்டியது இரண்டு இழப்புகளை மட்டும்: அவருக்கு வராமல் போகும் கிரவுண்ட் ரென்ட், வீடு அவர் கைக்குத் திரும்புவது தள்ளிப்போவது. 80-க்குக் கீழே போனதும் மூன்றாவதாக ஒன்று சேரும். அதற்கு மேரேஜ் வேல்யூ என்று பெயர். லீஸ் நீளுவதால் வீட்டின் மதிப்பில் கூடும் லாபத்தில் சரிபாதி அவருக்கு.

எத்தனை வருடம் அங்கே இருக்கப்போகிறீர்கள். இரண்டு வருடத்தில் விற்பவரின் கணக்கும் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை இருப்பவரின் கணக்கும் ஒன்றல்ல.

மார்ட்கேஜ். எத்தனை வருட லீஸ் மீதி இருக்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு விதி. 70-ஐ நெருங்கும்போது கதவுகள் மூடத் தொடங்கும். உங்களுக்குக் கடன் கிடைப்பது மட்டுமல்ல, உங்களிடம் வாங்க வருபவருக்குக் கிடைக்குமா என்பதும் சேர்ந்ததுதான் இது.

கிரவுண்ட் ரென்ட் விதி. தொகை எவ்வளவு என்பதைவிட அது எப்படி ஏறுகிறது என்பதைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் லீஸ்களும் உண்டு.

கையில் உள்ள பணமும், அண்டை வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்பதும். இரண்டாவது ஏன் என்பது கீழே வரும்.

## முதல் வழி: சட்டப்படி நீட்டிப்பது

1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஃப்ளாட் லீஸ்காரருக்குக் கொடுத்த உரிமை இது. மீதியிருக்கும் வருடத்தோடு 90 சேரும். கிரவுண்ட் ரென்ட் அன்றிலிருந்தே "பெப்பர்கார்ன்" ஆகிவிடும். பெயருக்கு ஒரு மிளகு, நடைமுறையில் பூஜ்யம். தம்பிக்கு இது 165 வருடம், வாடகை இல்லை.

முன்பு வீடு வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகுதான் இந்த உரிமை வரும். 31 ஜனவரி 2025-இலிருந்து அந்தக் காத்திருப்பு போய்விட்டது. வாங்கிப் பெயர் பதிவானதுமே, நாம் தர நினைக்கும் விலையை எழுதி நீட்டிப்புக் கேட்டு ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். பழைய விதியை நம்பி இன்னும் காத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து அவர்களுக்குச் சொல்லுங்கள்.

விலை எப்படி வருகிறது என்பதற்குத் தம்பியின் கணக்கு. நீண்ட லீஸோடு அந்த ஃப்ளாட் 3,00,000 பவுண்டு போகும். கிரவுண்ட் ரென்ட் மாறாத 200. வருங்கால மதிப்பை இன்றைய மதிப்பாக்க ஃப்ளாட்டுகளுக்கு வழக்கமாக எடுக்கும் 5 சதவீதம், வாடகையை மொத்தத் தொகையாக்க 7 சதவீதம், இப்போதைய லீஸோடு வீட்டின் மதிப்பு அந்த 3,00,000-இல் 91 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம்.

- 75 வருட வாடகையின் இன்றைய மதிப்பு: சுமார் 2,800
- வீடு திரும்புவது தள்ளிப்போவதற்கு: சுமார் 7,600
- மேரேஜ் வேல்யூவில் பாதி (மதிப்பில் கூடும் 27,000-இல் மேலே உள்ள இரண்டையும் கழித்த மீதியில் பாதி): சுமார் 8,300
- மொத்தம்: சுமார் 18,700 பவுண்டு

இதே வீட்டுக்கு லீஸில் 81 வருடம் மீதி இருந்தபோது கேட்டிருந்தால் சுமார் 8,500 பவுண்டில் முடிந்திருக்கும். 79-இல் அது 15,000-ஐத் தாண்டியிருக்கும். இரண்டே வருடத்தில் இத்தனை! இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இதற்கு மேல் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. உங்கள் சொலிசிட்டர், உங்கள் சர்வேயர் கட்டணம் மட்டுமல்ல, இப்போதைய சட்டப்படி ஃப்ரீஹோல்டரின் நியாயமான சொலிசிட்டர், சர்வேயர் செலவும் உங்கள் தலையில்தான். எல்லாம் சேர்த்து 3,000 முதல் 5,000 பவுண்டு வரை ஒதுக்கி வையுங்கள். நோட்டீஸ் கொடுத்ததும் நீங்கள் எழுதிய தொகையில் 10 சதவீதமோ 250 பவுண்டோ, எது அதிகமோ அதை டெபாசிட்டாகக் கேட்கலாம்.

தேதிகள் விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். இந்த நோட்டீஸுக்குப் பிரிவு 42 நோட்டீஸ் என்று பெயர். அதைக் கொடுத்ததும், பதில் நோட்டீஸ் தர ஃப்ரீஹோல்டருக்கு குறைந்தது இரண்டு மாதம் அவகாசம். அதில் அவர் தவறினால், நீங்கள் கேட்ட விலைக்கே லீஸ் கிடைக்க நீதிமன்றத்தில் வழி இருக்கிறது. அவர் பதில் தந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பேசி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் விட்டால் நோட்டீஸ் செத்துப்போகும். அடுத்த 12 மாதம் மறுபடி கேட்க முடியாது, அவர் செலவையும் நீங்கள் கட்ட வேண்டும். ஆனால் இதில் ஒரு நன்மை: விலைக்கான தேதி நோட்டீஸ் கொடுத்த நாளோடு நின்றுவிடும். 80 வருடம் ஒரு மாதத்தில் தீரப்போகிறது என்றால், நோட்டீஸ் அதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

இந்த வழி யாருக்கு: 80-க்குச் சற்று மேலே இருப்பவருக்கு, கிரவுண்ட் ரென்ட் ஏறிக்கொண்டே போகும் லீஸ் வைத்திருப்பவருக்கு, ஓரிரு வருடத்தில் விற்கவோ வேறு வங்கிக்கு மாறவோ போகிறவருக்கு.

## இரண்டாவது வழி: ஃப்ரீஹோல்டரோடு பேசி முடிப்பது

தம்பிக்கு வந்த கடிதம் இந்த வகை. சட்டத்தின் கால அட்டவணை இதற்கு இல்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் சில வாரத்தில் முடிந்துவிடும். குறைகளும் அதே காரணத்தால்தான். கையெழுத்தாகும்வரை அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலையை மாற்றலாம், லீஸில் புதிதாக விதிகளை நுழைக்கலாம். சப்லெட் செய்யக் கட்டணம், வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி என்று எது வேண்டுமானாலும் வரலாம்.

அந்த 16,500-ஐ 18,700-ஓடு வைத்துப் பார்த்தால் 2,200 பவுண்டு லாபம் போலத்தான் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை. கடிதத்தில் சொன்னபடி வாடகை 75 வருடம் தொடர்கிறது, அதன் இன்றைய மதிப்பு 2,800. லீஸும் 165-க்குப் பதிலாக 125 வருடம்தான், அந்தக் குறைவுக்கு ஒரு 600 போடலாம். சேர்த்தால் 19,900. மலிவாகத் தெரிந்தது உண்மையில் 1,200 பவுண்டு கூடுதல்.

முன்பு இதில் இன்னும் பெரிய பொறி இருந்தது. நீட்டிப்பைச் சாக்கிட்டு இரட்டிப்பாகும் வாடகையைச் செருகிவிடுவார்கள். 30 ஜூன் 2022-இலிருந்து அது முடியாது. பழைய லீஸின் மீதிக் காலத்துக்கு ஏற்கெனவே இருந்த வாடகையைத்தான் வாங்கலாம், நீட்டித்த காலத்துக்குப் பூஜ்யம். ஆனால் உங்கள் பழைய லீஸிலேயே ஏறும் விதி இருந்தால் அது அப்படியே நிற்கும். அதனால்தான் முதலில் பத்திரத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று மார்ட்கேஜ். சட்டப்படி நீட்டித்தால் உங்கள் கடன் தானாகவே புதிய லீஸுக்கு மாறிவிடும். பேசி முடித்தால் வங்கியின் சம்மதத்தைத் தனியாக வாங்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், தனித் தாமதம்.

இத்தனை சொன்னாலும் இது எப்போதுமே தவறான வழி என்று சொல்ல மாட்டேன். அதே கடிதத்தில் 12,000 என்று இருந்திருந்தால், வேறு விதி எதுவும் நுழையவில்லை என்று சொலிசிட்டர் பார்த்துச் சொன்ன பிறகு, "எடுத்துக்கோ" என்றுதான் சொல்லியிருப்பேன். சின்ன கட்டடம், நேரில் பேசக்கூடிய ஃப்ரீஹோல்டர், விற்பனை நடுவில் அவசரம் என்றால் இது நல்ல வழி. 28 நாள் கெடுவுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். அது அவர் வைத்த கெடு, உங்கள் சட்ட உரிமை அதோடு தீர்ந்துபோகாது.

## மூன்றாவது வழி: எல்லோரும் சேர்ந்து ஃப்ரீஹோல்டை வாங்குவது

இதுவும் 1993 சட்டம் தந்ததுதான். கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஃப்ளாட்டுகள் நீண்ட லீஸில் இருக்க வேண்டும், மொத்த ஃப்ளாட்டுகளில் குறைந்தது பாதியாவது சேர வேண்டும். இரண்டே ஃப்ளாட் என்றால் இரண்டு பேருமே சேர வேண்டும். ஒரே ஆள் மூன்று அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் அவருடையவை கணக்கில் வராது.

கைக்கு வருவது பெரிது. அப்புறம் உங்களுக்கு நீங்களே 999 வருட லீஸ் எழுதிக்கொள்ளலாம், வாடகை இல்லை, சர்வீஸ் சார்ஜ் எங்கே போகிறது என்று தெரியும். ஃப்ரீஹோல்டை வாங்கியதுமே லீஸ் தானாக நீண்டுவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புதிய லீஸை எழுதிப் பதிவு செய்தால்தான் உண்டு. வாங்கிய களைப்பில் அதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

செலவில் மறைந்திருப்பது அண்டை வீட்டார். சேராதவர்களின் பங்கையும் சேர்ந்தவர்களே போட வேண்டும். ஆறு ஃப்ளாட்டில் நான்கு பேர் சேர்ந்தால் ஆறு ஃப்ளாட்டுக்கான விலையும் அந்த நான்கு பேரிடமிருந்துதான் வர வேண்டும். அதன் பிறகு கம்பெனி ஒன்று, அதற்கு வருடாந்தரக் கணக்குத் தாக்கல், கட்டடக் காப்பீடு, கூரை ஒழுகினால் ராத்திரி பதினோரு மணிக்கு யார் ஆள் கூப்பிடுவது என்ற கேள்வி. மேல் வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தையே இல்லாத கட்டடத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

நான்கு முதல் எட்டு ஃப்ளாட் உள்ள பழைய வீட்டில், நாலு பேர் ஒற்றுமையாக இருந்தால் இதுதான் நிரந்தரத் தீர்வு. ஃப்ரீஹோல்டர் தானே விற்க நினைத்தாலும், 1987 சட்டப்படி பெரும்பாலான விற்பனைகளில் வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் லீஸ்காரர்களிடம் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் வந்தால் விளம்பரத் தாள் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிடாதீர்கள்.

## நான்காவது வழி: புதிய சட்டத்துக்காகக் காத்திருப்பது

24 மே 2024-இல் நிறைவேறிய சட்டம் மேரேஜ் வேல்யூவையே ஒழிக்கிறது. நீட்டிப்பு 90-லிருந்து 990 வருடமாகிறது. பெரும்பாலும் அவரவர் செலவை அவரவரே பார்த்துக்கொள்ளலாம். விலைக் கணக்கில் எடுக்கும் கிரவுண்ட் ரென்டுக்கு வீட்டு மதிப்பில் 0.1 சதவீதம் என்று வரம்பும் வருகிறது. ஃப்ரீஹோல்டர்கள் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. ஆனால் இதை எழுதும் நேரத்தில் இந்தப் பகுதிகள் அமலுக்கு வரவில்லை. 5 சதவீதம் என்று சொன்னேனே, அந்த விகிதத்தையும் அரசுதான் நிர்ணயிக்கப் போகிறது. அது குறைந்தால் விலை ஏறும்.

80-க்கு மேலே இருப்பவர் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒழிக்கப்படும் மேரேஜ் வேல்யூ அவருக்கு இப்போதும் இல்லை. காத்திருந்து 79-க்கு இறங்கி, சட்டமும் வராவிட்டால், தானாக வலையில் போய் விழுந்த மாதிரி. 1980-களின் தொடக்கத்தில் கவுன்சில் விற்ற 125 வருட ஃப்ளாட்டுகள் இப்போது சரியாக இந்தக் கோட்டில் நிற்கின்றன. பெரும்பாலும் ஒரு பிளாக்கில் முதலில் விற்ற ஃப்ளாட்டின் தேதிதான் எல்லாருக்கும். 2000-இல் வாங்கினோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், பத்திரத்தைப் பாருங்கள்.

75-இல் இருந்து, விற்கும் எண்ணமும் வங்கி மாறும் எண்ணமும் இல்லாதவருக்குக் கணக்கு வேறு. தம்பி மூன்று வருடம் காத்திருந்து, சட்டமும் வந்து, 5 சதவீதமும் மாறாமல் இருந்தால், 72-இல் அவன் கொடுப்பது 11,800 சுற்றி. சுமார் 7,000 பவுண்டு மிச்சம். சட்டம் வராவிட்டால் காத்திருப்பதற்கு வருடம் 900 பவுண்டு அளவில் கூடுதல். 7,000-க்காக 2,700-ஐப் பணயம் வைப்பது நியாயமான துணிச்சல்தான். 62, 63 என்று இறங்கிவிட்டவருக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பேன். திடீரென்று விற்க நேர்ந்தால் ரொக்கத்தில் வாங்குபவர்தான் வருவார், அவர் சொல்வதுதான் விலை.

## ஒரே பார்வையில்

| | சட்டப்படி | பேசி முடிப்பது | சேர்ந்து வாங்குவது | காத்திருப்பது |
|---|---|---|---|---|
| கிடைப்பது | +90 வருடம் | ஒத்துக்கொண்ட வருடம் | 999 வரை, நாமே எழுதலாம் | சட்டம் வந்தால் +990 |
| கிரவுண்ட் ரென்ட் | உடனே பூஜ்யம் | பழையது தொடரலாம் | நாமே நீக்கலாம் | அதுவரை தொடரும் |
| கால அளவு | மாதக்கணக்கில், சிலசமயம் ஒரு வருடம் | சில வாரம் முதல் | பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் | தெரியாது |
| மறைந்த செலவு | அவர் தரப்புச் செலவு | வங்கிச் சம்மதம், புது விதிகள் | சேராதவர் பங்கு, பராமரிப்புப் பொறுப்பு | வருடா வருடம் ஏறும் விலை |
| பொருந்துவது | 80-ஐ நெருங்குபவர், விற்கப்போகிறவர் | உண்மையிலேயே நல்ல விலை வந்தால் | சின்ன கட்டடம், ஒற்றுமை | 80-க்குக் கீழ், அவசரம் இல்லாதவர் |

## விற்கத்தான் போகிறேன் என்பவருக்கு

நீட்டித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பதில்லை. பிரிவு 42 நோட்டீஸை நீங்கள் கொடுத்து, அதன் பலனை வீட்டோடு சேர்த்து வாங்குபவருக்கு எழுதிக்கொடுக்கலாம். வீடு கைமாறும் அதே நேரத்தில் அதுவும் கைமாற வேண்டும். வீட்டை மட்டும் மாற்றி இதை விட்டால் நோட்டீஸ் வீணாகும். நீட்டிப்பில் பழக்கமுள்ள சொலிசிட்டர் தேவை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். சாதாரண வீட்டு விற்பனை மட்டும் பார்ப்பவரிடம் போக வேண்டாம். செலவு செய்வதற்கு முன் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் என்ற அரசு ஆதரவு அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அவர்கள் தளத்தில் தோராய விலை காட்டும் கால்குலேட்டரும் இருக்கிறது.

தம்பிக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் தோட்டம் உள்ள வீட்டுக்குப் போக நினைக்கிறான். அதனால் காத்திருக்கும் துணிச்சல் அவனுக்குப் பொருந்தவில்லை. அவன் கட்டடத்தில் பதினெட்டு ஃப்ளாட், பாதிக்கு மேல் வாடகைக்கு விட்ட உரிமையாளர்கள், சேர்ந்து வாங்குவதும் நடக்காது. சர்வேயரிடம் மதிப்பீடு வாங்கி, 14,000 என்று எழுதிப் பிரிவு 42 நோட்டீஸ் கொடுத்துவிட்டான். டெபாசிட் கேட்டால் 1,400 தயாராக இருக்கிறது. சமையலறையில் மளிகைக்கடைக் காலண்டரில் பதில் நோட்டீஸுக்கான கடைசித் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறான். பதில் வந்த அன்றே அதிலிருந்து ஆறு மாதத்தை எண்ணி இன்னொரு வட்டம் போட வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறான்.